கரடியின் வழியில் நூறு நாள்

ஒரு கரடியிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டப்பட்ட இளம் ஆண் கருங்கரடி அது. ஆய்வாளர்கள் இட்ட அடையாளம் எம்34. 2010இல் அது இருந்த காட்டை விட்டுக் கிளம்பியது. பருவத்துக்கு வரும் ஆண் கரடி அப்படித்தான், தனக்கென்று இடமும் துணையும் தேடிப் போகும். இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 500 மைல் நடந்தது. வழியில் எத்தனையோ சாலைகளைத் தாண்டிய கரடி, ஆர்லாண்டோ பக்கம் வந்ததும் திணறிப் போனது. எதிரே ஐ-4 நெடுஞ்சாலை. டாம்பாவிலிருந்து டேடோனா வரை மாநிலத்தைக் குறுக்கே அறுத்துச் செல்வது, இரவிலும் வண்டி ஓயாதது. இங்கே முயன்று பார்த்தது, அங்கே முயன்று பார்த்தது. கடைசியில் வந்த திசையிலேயே திரும்பிவிட்டது.

ஒரு கரடி திரும்பிப் போனால் என்ன குடிமுழுகிவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். அதே மாநிலத்தில் வாழும் பூமா என்ற பெரும்பூனையின் கதையைக் கேளுங்கள். தென்கோடிச் சதுப்புக் காடுகளில் ஒதுங்கிப்போய், ஒரு கட்டத்தில் இருபது முப்பதுதான் மிஞ்சின. வெளியூர்ச் சம்பந்தமே இல்லாமல் தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்த குடும்பம் போல ஆகிவிட்டது அவற்றின் நிலை. வால் நுனி மடங்கிய குட்டிகள், இதயக் கோளாறு, ஆண்களின் விந்தில் குறை. 1995இல் டெக்சஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் இனம் தலை நிமிர்ந்தது. வழி திறந்திருந்த காலத்தில் விலங்குகள் தாமே நடந்து முடித்துக்கொண்ட காரியம் அது. அதைக் கூண்டும் வண்டியும் வைத்து மனிதர்கள் செய்ய வேண்டியதாயிற்று.

இப்போது தலைப்பில் சொன்ன நூறு நாள் நடைக்கு வருகிறேன். எம்34ஐப் பின்தொடர்ந்தவர்களில் ஜோ கத்ரி என்ற கரடி ஆய்வாளர் ஒருவர். 2012 ஜனவரியில் அவரும், புகைப்படக்காரர் கார்ல்டன் வார்டு, இயற்கைப் பாதுகாப்புப் பணியாளர் மேலரி லைக்ஸ் டிமிட், ஆவணப்படக்காரர் ஈலம் ஸ்டோல்ட்ஸ்ஃபஸ் ஆகியோரும், விலங்குகளுக்கு வழி இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்க்க, தென்கோடி எவர்கிளேட்ஸ் சதுப்பிலிருந்து புறப்பட்டார்கள். துடுப்புப் படகு, சைக்கிள், மீதி தூரத்துக்குக் கால். ஜார்ஜியா எல்லையைத் தாண்டி ஒக்கஃபெனோக்கி சதுப்பு வரை 1,000 மைல், 100 நாள்.

காரில் போனால் இரண்டு நாளில் முடிகிற தூரத்துக்கு எதற்கு இவ்வளவு பாடு? கார் சாலையில்தான் போகும். கரடிக்குச் சாலைதான் தடையே. நாளுக்குப் பத்து மைல் என்று போகிறவனுக்குத்தான் வேலிக் கம்பி எந்த உயரத்தில் ஓடுகிறது, கால்வாய்க் கரை எவ்வளவு செங்குத்து, இரண்டு குடியிருப்புகளுக்கு நடுவே மிச்சமிருக்கும் மரக்கூட்டம் எவ்வளவு ஒடுக்கம் என்பதெல்லாம் உடம்பில் உறைக்கும். வரைபடத்தில் பச்சைக் கோடு போடுவது சுலபம். அந்தக் கோட்டில் இன்றைக்கும் நடக்க முடிகிறது என்று காட்டுவது வேறு. அவர்கள் எடுத்த படத்தில் அதைப் பார்த்தவர்கள் நம்பினார்கள், சட்டமன்றத்தில் இருப்பவர்கள் உட்பட.

இன்னொன்றும் உண்டு, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. இந்த வழி முழுக்க அரசுக் காடு இல்லை. நடுவே பெரும் பகுதி தனியார் மாட்டுப் பண்ணைகள். விலங்குகளுக்கும் மாடுகளுக்கும் ஆகாது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் பனைப்புதரும் ஓக் மரமும் சதுப்பும் கலந்த அந்த மேய்ச்சல் நிலத்தில் கரடியும் பூமாவும் தாராளமாக நடமாடுகின்றன. அங்கே ஆபத்து மாட்டால் வருவதில்லை, மனையால் வருகிறது. ஆர்லாண்டோ வீங்க வீங்க பண்ணைக்காரரிடம் விலை பேச ஆள் வந்துகொண்டே இருக்கும். அப்பா மாடு மேய்த்தார், பிள்ளைகள் பாகம் பிரிக்கிறார்கள் என்றால் நிலம் கைமாற எவ்வளவு நேரம்?

இதற்கு அங்கே ஒரு ஏற்பாடு இருக்கிறது. நிலத்தை யாரும் வாங்குவதில்லை. அதில் வீடு கட்டி விற்கும் உரிமையை மட்டும் அரசோ அறக்கட்டளையோ பணம் கொடுத்து வாங்கிக்கொள்கிறது. பத்திரம் பண்ணைக்காரர் பேரிலேயே இருக்கும், மாடும் மேயும், பிள்ளைகளுக்கும் எழுதி வைக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் அடுத்து யார் கைக்குப் போனாலும் அங்கே நகர் எழும்பக் கூடாது. விருப்பமுள்ளவரிடம் மட்டுமே இந்தப் பேச்சு, கட்டாயம் கிடையாது.

2015இல் வார்டும் கத்ரியும் டிமிட்டும் மேற்குப் பக்கமாக, வளைகுடாக் கரையை ஒட்டி இன்னொரு 1,000 மைல் போனார்கள். 2021இல் ஃபுளோரிடா வனவிலங்கு வழித்தடச் சட்டம் நிறைவேறியது. நிலப் பாதுகாப்புக்குக் கோடிக்கணக்கான டாலர் ஒதுக்கினார்கள். வழித்தடம் மொத்தம் சுமார் 1.8 கோடி ஏக்கர். அதில் ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர் அப்போதே பாதுகாப்பில் இருந்தது. மீதியை ஒவ்வொரு பண்ணைக்காரராகப் பார்த்துப் பேசித்தான் சேர்க்க வேண்டும். அவர் கையெழுத்துப் போடுவதற்குள் மனை வியாபாரி முந்திக்கொண்டால், அந்தத் துண்டு போனது போனதுதான்.