மறைய மறுத்த இன்சுலின்

நீரிழிவு நோயாளிகள் ஊசி மூலம் இன்சுலின் ஏற்றிக்கொள்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். உட்சென்ற இன்சுலின் எவ்வளவு நேரம் இரத்தத்தில் தங்குகிறது? எளிய கேள்விதான். ஆனால் இதற்கு விடை தேடியபோது, யாரும் எதிர்பாராத வேறொன்று அகப்பட்டது. தேடிய இருவருள் ஒருவர் இயற்பியல் படித்தவர் என்பதால் எனக்கு இந்தக் கதையில் ஒரு தனிப் பற்று!

அவர் ரோசலின் யாலோ. 1945-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். மற்றவர் சாலமன் பெர்சன் என்னும் மருத்துவர். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் 1950 முதல் இருவரும் சேர்ந்து உழைத்தனர்.

வயது வந்தபின் நீரிழிவு தோன்றுவோரின் கணையத்தில் இன்சுலின் அடியோடு இல்லாமல் போவதில்லை. அப்படியிருக்க நோய் ஏன் வருகிறது? கல்லீரலிலுள்ள ஒரு நொதி இன்சுலினை மிக விரைவாகச் சிதைத்துவிடுவதால் இருக்கலாம் என்று 1952-இல் மிர்ஸ்கி என்பவர் கருத்துக் கூறினார். இதைச் சோதிக்க யாலோவும் பெர்சனும் இன்சுலின் மூலக்கூறில் கதிரியக்க அயோடின்-131 அணுவை இணைத்தனர். இதன் அரை ஆயுட்காலம் 8 நாள். இன்சுலின் எங்கே சென்றாலும் அயோடின் கதிர்வீசிக் காட்டிக் கொடுத்துவிடும். மாட்டின் கழுத்தில் மணி கட்டுவது போலத்தான்!

மிர்ஸ்கி சொன்னது சரியென்றால், நோயாளிகளின் இரத்தத்திலிருந்து இன்சுலின் விரைவில் மறைய வேண்டும். நடந்ததோ நேர்மாறு. அது மெதுவாகவே மறைந்தது. நோயின் விளைவா இது? அப்படியும் இல்லை. நீரிழிவே இல்லாமல், மனநோய்ச் சிகிச்சைக்காக இன்சுலின் ஏற்றப்பட்டவர்களிடமும் அது மெதுவாகவே மறைந்தது. முன்பு ஒருபோதும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளாதவர்களிடமோ விரைவாக மறைந்தது. ஆகவே வேறுபாட்டுக்குக் காரணம் நோயன்று. முன்பு போட்ட ஊசி! சற்று நிறுத்தி இந்த வாதத்தை மீண்டும் ஒருமுறை படியுங்கள். சோதனையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

அக்காலத்தில் ஊசிக்கான இன்சுலின் மாடு, பன்றி இவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. உடல் அதனை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது, அந்த எதிர்ப்பொருள் இன்சுலினைப் பற்றிக்கொண்டு எளிதில் விடுவதில்லை என்று இருவரும் முடிவுகட்டினர். அறிஞர்கள் நம்பவில்லை. 51 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சிறிய புரதம் எதிர்ப்பொருளைத் தூண்டாது என்பது அன்றைய கருத்து. கட்டுரையை ஓர் இதழ் திருப்பி அனுப்பியது. மற்றோர் இதழும் முதலில் மறுத்தது. தலைப்பிலிருந்து ‘எதிர்ப்பொருள்’ என்ற சொல்லை நீக்கிய பிறகே 1956-இல் அச்சேறியது. அந்த மறுப்புக் கடிதத்தை யாலோ பத்திரமாக வைத்திருந்து, 1977-இல் தம் நோபல் உரையிலேயே வெளியிட்டார்!

இனிதான் சுவையான பகுதி. பட்டினியாக இருப்பவரின் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் உள்ள இன்சுலின், ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு. இதை எந்தத் தராசில் நிறுப்பது? பற்றிக்கொள்ளும் அந்த எதிர்ப்பொருளையே தராசாக்கினர்.

20 இருக்கைகள் உள்ள ஒரு பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்புத் தொப்பி அணிந்த 20 பேர் மட்டும் ஏறினால் அனைவருக்கும் இடம் கிடைக்கும். தொப்பியில்லாத 20 பேரும் சேர்ந்து முண்டியடித்தால், சராசரியாக 10 தொப்பிகளே அமரும். தொப்பியில்லாதவர் 60 பேர் என்றால் 5 தொப்பிகள்தாம். அமர்ந்த தொப்பிகளை எண்ணினாலே, தொப்பியில்லாதவர் எத்தனை பேர் என்று கணக்கிட்டுவிடலாம் அல்லவா? இருக்கைகள்தாம் எதிர்ப்பொருள், தொப்பி கதிரியக்க அயோடின், தொப்பியில்லாதவர் நோயாளியின் சொந்த இன்சுலின். எதிர்ப்பொருளைக் கினிப் பன்றிகளின் இரத்தத்திலிருந்து பெற்றனர்.

இம்முறையில் மனித இரத்தத்தின் இன்சுலினை அளந்து 1960-இல் விரிவாக வெளியிட்டனர். சர்க்கரைக் கரைசல் குடித்தபின், வயதுவந்து நோய் கண்ட பலரின் இரத்தத்தில் இன்சுலின் குறையவில்லை. மற்றவர்களைவிட மிகுந்தும் இருந்தது. இன்சுலின் இருந்தும் திசுக்கள் அதற்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று. கணையம் இன்சுலினே சுரக்காத முதல் வகையினருக்கு ஊசி உயிர்காக்கும் மருந்து. இரண்டாம் வகையில் உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, மெட்பார்மின் போன்ற மாத்திரைகள் முதலில் வருவது ஏன் என்பது இப்போது உங்களுக்கு விளங்கும். நாளடைவில் கணையம் தளரும்போது அவர்களிலும் பலருக்கு ஊசி தேவைப்படுகிறது.

இம்முறைக்கு இருவரும் காப்புரிமை பெறவில்லை. எனவே உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் இதைத் தாராளமாகக் கையாண்டு, வேறு பல ஹார்மோன்களையும் அளந்தன. இன்று கதிரியக்க அயோடினின் இடத்தைப் பெரும்பாலும் ஒளிரும் வேதிப்பொருள்களும் நொதிகளும் பிடித்துவிட்டன. எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் வழி மட்டும் மாறவில்லை.

பெர்சன் 1972-இல் காலமானார். மறைந்தவர்களுக்கு நோபல் பரிசு கிடையாது. ஆகவே 1977-இல் அவர் பெயர் பட்டியலில் இடம்பெறவில்லை. ஆனால் யாலோ தம் ஆய்வுக்கூடத்துக்கு பெர்சனின் பெயரையே சூட்டச் செய்திருந்தார். அதனால் அதன்பின் அங்கிருந்து வெளிவந்த கட்டுரைகளில் அவர் பெயரும் அச்சாகிக்கொண்டே இருந்தது.