மாலத் தீவுக்குப் போகுமுன் ஒரு கணக்கு

துபாயிலும் ஷார்ஜாவிலும் அபுதாபியிலும் குடித்தனம் செய்யும் நம் குடும்பங்களில் இப்போது அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு. "இந்த வருஷம் நாலு நாள் மாலத் தீவுக்குப் போய் வரலாமா?" என்று கேட்டுக்கொண்டே கணவர் கைப்பேசியை நீட்டுவார். திரையில் ஒரு படம்: பச்சையும் நீலமும் கலந்த கடலில் மரக்கால் ஊன்றி நிற்கும் குடில். படத்தின் அடியில் விலை. "ஒரு ராத்திரிக்கு ஐந்நூறே டாலர்!" என்பார். அந்த ஏகாரத்தில்தான் விஷயமே இருக்கிறது!

கேட்ட மாத்திரத்தில் 'சரி' என்று சொல்லிவிடாதீர்கள். 'நமக்கு எதற்கு இதெல்லாம்?' என்று மறுத்தும் விடாதீர்கள். வருஷம் முழுதும் வெயிலும் வேலையும் பள்ளிக்கூடமுமாக ஓடுகிற குடும்பத்துக்கு நாலு நாள் ஓய்வு வேண்டியதுதான். ஆனால் படத்தைப் பார்த்து அறையை முதலில் பிடிப்பது தலைகீழ்ப் பாடம். எந்த மாதம், எத்தனை மணிக்குப் போய் இறங்குவது, தீவுக்கு எப்படிப் போவது, சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்ற நாலையும் முடிவு செய்துவிட்டு, அறையைக் கடைசியில் பாருங்கள். பணமும் மிஞ்சும், மனஸ்தாபமும் வராது.

கடலில் சிதறிய சோழிகள்

முதலில் அந்தத் தேசத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். சுமார் 1,190 பவளத் தீவுகள். மக்கள் குடியிருப்பவை அவற்றில் இருநூறுக்கும் குறைவு. தரை, கடல் மட்டத்துக்கு மேல் சராசரியாக ஒன்றரை மீட்டர்தான். உலகிலேயே இவ்வளவு தாழ்வான தேசம் வேறு கிடையாது. ஒரு காலத்தில் சோழிகளையும் கயிற்றையும் ஏற்றுமதி செய்து பிழைத்த நாடு இது. 1343-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே போன யாத்திரிகர் இபின் பதூதா, நாட்டை ஆள்பவர் ஒரு பெண் என்று கண்டு வியந்து எழுதி வைத்திருக்கிறார். கதீஜா என்பது அந்த அரசியின் பெயர்.

உல்லாசப் பிரயாணிகள் வரத் தொடங்கியது 1972-இல்தான். அவ்வருஷம் திறந்த முதல் விடுதிக்கு 'குரும்பா' என்று பெயர். அவர்களுடைய திவேஹி மொழியில் அதற்கு இளநீர்க்காய் என்று பொருள். நம்முடைய குரும்பை நினைவுக்கு வருகிறதல்லவா?

இன்று பெரும்பாலான உல்லாச விடுதிகளில் ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதுதான் ஏற்பாடு. அங்கே வேறு கடை இல்லை. வேறு ஹோட்டல் இல்லை. தெருமுனை டீக்கடையும் இல்லை. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

எந்த மாதம்?

துபாயிலிருந்து மாலேக்கு விமானத்தில் நாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஏறக்குறைய சென்னைக்குப் போகிற நேரம்தான். கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். சில விடுதிகள் தங்களுக்கென்று இன்னும் ஒரு மணியைச் சேர்த்து, 'தீவு நேரம்' என்று தனியாக ஒன்று வைத்திருக்கின்றன! ஊர் திரும்பும் நாளில் எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் தெளிந்து கடல் அமைதியாக இருக்கும் காலம். விலையும் உச்சத்தில் இருக்கும். கிறிஸ்துமஸ், புது வருஷ வாரம் இன்னும் மோசம். அந்த இரண்டு இரவு விருந்துகளுக்கும் கட்டாயமாகத் தனிப் பணம் வசூலிக்கும் விடுதிகள் பல. பெருநாள் விடுமுறைகளிலும் வளைகுடாவிலிருந்து கூட்டம் அதிகம்.

நம் குழந்தைகளுக்குப் பெரிய லீவு கிடைக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் அங்கே தென்மேற்குப் பருவமழைக் காலம். "மழையிலா போவது?" என்று யோசிக்காதீர்கள். நாள் முழுதும் கொட்டுகிற மழை சில நாட்களில்தான். துபாயில் நாற்பத்தைந்து டிகிரி கொளுத்தும்போது அங்கே முப்பதைச் சுற்றித்தான் இருக்கும். அறை வாடகையும் குறைவு. இன்னொரு லாபமும் உண்டு. பா அட்டோலில் ஹனிஃபாரு என்று ஒரு விரிகுடா இருக்கிறது. யுனெஸ்கோ 2011-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதி அது. மே மாதம் முதல் நவம்பர் வரை கொம்புத் திருக்கைகள் அங்கே கூட்டமாக இரை தேடி வருகின்றன. மழைக்காலத்தில் போகிறவர்களுக்குத்தான் அந்தக் காட்சி.

எத்தனை மணிக்கு இறங்குவது?

மாலே விமான நிலையமே ஒரு தனித் தீவு. அங்கிருந்து விடுதித் தீவுக்குப் போக மூன்று வழிகள்: பக்கத்துத் தீவுகளுக்கு விசைப்படகு; தூரத்துத் தீவுகளுக்குக் கடல் விமானம்; இன்னும் தூரமானால் உள்நாட்டு விமானத்தில் போய் அங்கிருந்து படகு.

கடல் விமானத்தில் போவது ஓர் அனுபவந்தான். பதினைந்து பேர் உட்காரும் சின்ன விமானம், வெறுங்காலுடன் ஓட்டும் விமானிகள், கீழே நீலப் பட்டில் பச்சை வளையல்களை இறைத்தாற்போல் தீவுகள். ஆனால் அது பகல் வெளிச்சத்தில் மட்டுந்தான் பறக்கும். பிற்பகல் மூன்றரை, நாலு மணிக்கு மேல் போய் இறங்கினால் அன்று தீவுக்குப் போக முடியாது. மாலேயிலோ, பாலத்தால் இணைந்துள்ள ஹுல்ஹுமாலேயிலோ ஓர் இரவு தங்க வேண்டியதுதான். விடுதியில் அந்த இரவுக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருந்தால் அது கடலில் போட்ட காசு!

ஆகவே கடல் விமானத் தீவானால், நள்ளிரவுக்கு மேல் கிளம்பிக் காலையில் மாலேயில் இறங்கும் விமானமாகப் பாருங்கள். திரும்பும்போதும் இதே கதை. துபாய் விமானம் ராத்திரியில் என்றால், பிற்பகலிலேயே தீவை விட்டுக் கிளம்பி, குழந்தைகளோடு விமான நிலையத்தில் காத்துக் கிடக்க நேரும். கடல் விமானத்தில் ஒருவருக்குப் பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

சாப்பாடு யார் பொறுப்பு?

வீட்டுப் பெண்மணிக்கு உண்மையான ஆடம்பரம் எது என்று கேட்டால், பளிங்குத் தொட்டியும் பட்டு மெத்தையும் அல்ல, "நாளைக்கு என்ன சமைப்பது?" என்று நினைக்காமல் தூங்கப் போவதுதான். ஒவ்வொரு வேளையும் விலைப் பட்டியலைப் பார்த்து, குழந்தை கேட்ட ஐஸ்கிரீமுக்கு மனத்துக்குள் திர்ஹம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் அந்த ஓய்வு எங்கிருந்து வரும்?

காலைச் சிற்றுண்டி மட்டும் சேர்ந்த அறை மலிவாகத் தோன்றும். வேறு கடையே இல்லாத தீவில் மற்ற இரண்டு வேளையும் அவர்கள் சொன்னதுதான் விலை. குடும்பமாகப் போகிறவர்கள் மூன்று வேளைச் சாப்பாடும் சேர்ந்த திட்டத்தை எடுத்துக்கொள்வதே மேல். தண்ணீரும் குழந்தைகளின் சாப்பாடும் அதில் அடக்கமா என்று எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.

சைவ உணவுக்காரர்கள் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். விடுதிகள் பலவற்றில் இந்தியச் சமையல்காரர்களும் இலங்கைச் சமையல்காரர்களும் இருக்கிறார்கள். பருப்பும் சாதமும் கிடைக்காமல் போகாது. ஆனால் காலையில் தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு எல்லாம் பிசறி ரொட்டியோடு வைக்கும் பதார்த்தத்தைக் கண்டு, "அடடே, நம்ம ஊர்த் துவையல்!" என்று கை நீட்டிவிடாதீர்கள். அதன் பெயர் 'மாஸ் ஹுனி'. மாஸ் என்றால் மீன்!

இரண்டு கூட்டல் குறிகள்

இனி 'ஐந்நூறே டாலர்' விஷயத்துக்கு வருவோம். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கின்றனவா, பாருங்கள். சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று அதற்கு அர்த்தம்.

ஐந்நூறு டாலர் அறைக்குச் சேவைக் கட்டணம் நூற்றுக்குப் பத்து, ஆயிற்று 550. அதன் மேல் சுற்றுலா வரி 17 சதவீதம், 2025 ஜூலை முதல். ஆக 643 டாலர் 50 சென்ட். பசுமை வரி என்று தலைக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், 2025 ஜனவரி முதல். இரண்டு பேருக்கு 24. மொத்தம் 667 டாலர் 50 சென்ட். நாலு இரவுக்கு 2,670 டாலர். இரண்டாயிரம் என்று நினைத்துக்கொண்டு போனவருக்கு 670 டாலர் கூடுதல்!

கடல் விமானம் ஒருவருக்குப் போக வர பெரும்பாலும் 400 முதல் 600 டாலர் வரை. நடுவாக ஐந்நூறு என்று வைத்தாலும் இருவருக்கு ஆயிரம். ஆக 3,670 டாலர். திர்ஹத்தில் சுமார் 13,500. மாலே வரை போகும் விமான டிக்கெட் இதில் சேரவில்லை. மதியச் சாப்பாடும் ராத்திரிச் சாப்பாடும் சேரவில்லை. குழந்தைகள் கணக்கும் சேரவில்லை. இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் பசுமை வரி கிடையாது.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதி இருவரும் சேர்ந்து பாருங்கள். ஊரில் பெற்றோரையும் மாமனார் மாமியாரையும் பார்த்து வர ஒதுக்கிய பணம் இதில் கரைந்துவிடுமானால், கடன் அட்டையில் தவணை கட்டித்தான் போக வேண்டுமானால், ஒரு வருஷம் தள்ளிப் போடுவதில் தவறில்லை. தீவு எங்கும் போய்விடாது. நாலு நாள் குளித்த கடலுக்குப் பன்னிரண்டு மாதம் வட்டி கட்டுவதுதான் கசக்கும்.

நடுவழி ஒன்று

போகாமலே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2009-க்குப் பிறகு, மக்கள் குடியிருக்கும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் வந்துவிட்டன. ஐம்பது அறைக்குக் குறைந்த இல்லமானால் பசுமை வரி பாதிதான், 6 டாலர். மாஃபுஷி தீவுக்கு மாலேயிலிருந்து படகிலேயே போகலாம். திகுரா தீவைச் சுற்றிய கடலில் வருஷம் முழுதும் திமிங்கலச் சுறாக்கள் நடமாடுகின்றன. அங்கே மூன்று நாள், ஆசைக்குப் படகுத் தூரத்து உல்லாச விடுதியில் ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டால் செலவு வெகுவாகக் குறையும். ஊர் மக்களையும் பார்க்கலாம், கடைகண்ணியும் உண்டு. அது முஸ்லிம் தேசம். ஊருக்குள் அடக்கமான உடை அவசியம். வளைகுடாவில் வாழும் நமக்கு இது புதிதல்ல. ரமலான் மாதத்தில் ஊர்த் தீவுகளில் பகலில் உணவகங்கள் மூடியிருக்கும்.

பெட்டியில் என்ன வேண்டாம்?

முன்கூட்டி விசா வேண்டியதில்லை. இறங்கியதும் 30 நாளைக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் அரசாங்கத்தின் இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். திரும்பி வருவதற்குள் உங்கள் வளைகுடா விசா காலாவதியாகாமல் இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் சின்னப் பிள்ளையார் விக்கிரகம் வைத்துக்கொள்ளும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், இந்த ஒரு தடவை அவரை வீட்டுக் காவலுக்கு விட்டுச் செல்லுங்கள். வழிபாட்டு விக்கிரகங்களுக்கு அங்கே அனுமதி இல்லை. மதுவும் பன்றி இறைச்சியும் அப்படியே. திரும்பும்போது கரையில் பொறுக்கிய பவளத்தைக் கொண்டுவருவதும் குற்றம். 1998-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளப் பாறைகள் பெருமளவில் வெளுத்துப் போயின. மிஞ்சியதைக் காலால் மிதிக்காமல் இருப்பது விருந்தாளியின் மரியாதை.

கடைசியில் அறை

மாதம், நேரம், வழி, சாப்பாடு எல்லாம் முடிவாயிற்றா? இப்போது அறையைப் பாருங்கள். கடல்மேல் குடிலில் வாசற்படி இறங்கினால் ஆழம். பல விடுதிகள் சின்னக் குழந்தைகளை அதில் தங்க விடுவதே இல்லை. விட்டாலும் குழந்தையின் கையைப் பிடித்தபடியே நாலு நாளும் காவல் காப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியும்! குழந்தைகளோடு போகிறவர்களுக்குக் கரையோரக் குடிலே உத்தமம். கதவைத் திறந்தால் மணல், பத்தடியில் முழங்கால் அளவு தண்ணீர். விலையும் பெரும்பாலும் குறைவு. மிஞ்சிய பணத்தில் இன்னொரு நாள் தங்கலாம்.

அந்த ஒரு நாளில் எந்த ஏற்பாடும் வைத்துக்கொள்ளாதீர்கள். குழந்தைகள் மணல்வீடு கட்டட்டும். அவர்களுடைய அப்பா அதற்குக் காவல் இருக்கட்டும். நீங்கள் தென்னை நிழலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சும்மா உட்காருங்கள். இத்தனை கணக்கும் போட்டது அதற்காகத்தானே!