மொழியும் ஒரு தொழிற்கருவியே

வலையபட்டி முதலான செட்டிநாட்டு ஊர்களிலிருந்து அன்று பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வணிகர் சென்றனர். இன்று கணினி கற்ற நம் பிள்ளைகளை ஜெர்மனி அழைக்கின்றது. கடைசி ஏழாண்டுகளில் மூன்றாண்டு அனுபவமும், விதித்த ஊதியத்தில் வேலையும் உடைய கணினி வல்லுநர், பட்டமின்றியும் நீல அட்டை பெற 2023 நவம்பரில் அந்நாடு வழி திறந்தது. ஜெர்மன் மொழிச் சான்று கட்டாயமில்லை.

ஆயினும், சட்டம் கேளாததை உடன் உழைப்போர் கேட்பர். வலைத்தளத்தின் முகப்பு முதல் தரவுத்தளம் வரை தாமே அமைக்க வல்லவரும், ஜெர்மன் பேசும் குழுவில் வாய் திறவாதிருந்தால் தனித்தே நிற்பார்.

1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு, சிறுவரோடு அமர்ந்து தமிழ் பயின்றார். அப்பணிவு நமக்கும் வேண்டும். பெற்றோரே, முகவருக்குப் பணம் கட்டுமுன் பிள்ளையை மொழி கற்க அனுப்புங்கள். சென்னையில் கேத்தே நிறுவனம் கற்பிக்கின்றது. வேலை தருவோருக்கும் நாம் கூறுவது: திறனைக் கண்டு தேருங்கள், மொழி கற்கக் காலம் கொடுங்கள்.