ஐஸ் ஹவுஸ் பக்கத்தில் டீச்சர்கள் தயாராகும் இடம்!

மெரினாவுக்குப் போகிற எல்லாரும் ஐஸ் ஹவுஸைப் பார்த்திருப்பீர்கள். கடலைப் பார்த்து வட்டமாக வளைந்து நிற்கும் அந்த விவேகானந்தர் இல்லத்தின் முன்னால் நின்று போட்டோவும் எடுத்திருப்பீர்கள். ஆனால் அதே காமராஜர் சாலையில், அதை ஒட்டியே, 1922-லிருந்து டீச்சர்கள் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி என்று தொடங்கி, இன்று லேடி வெலிங்டன் கல்வியியல் மேம்பாட்டு நிறுவனமாக வளர்ந்திருக்கிற இடம் அது. நம் பாட்டிகளுக்கும் அம்மாக்களுக்கும் பாடம் சொன்ன எத்தனையோ டீச்சர்கள் சாக்பீஸைப் பிடிக்கக் கற்றுக்கொண்டது இங்கேதான். ஒரு டீச்சர் டீச்சராக ஆகிற அந்தக் கதையைத் திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் எப்படி இருக்கும்? வாங்க, போகலாம்!

பனிக்கட்டி மாளிகையில் பாடப் புத்தகங்கள்

முதலில் அந்த ஐஸ் ஹவுஸ். 1842 வாக்கில் அது கட்டப்பட்டது எதற்காக என்றால், அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் அறுத்துக் கப்பலேற்றிய பனிக்கட்டியைச் சேமித்து வைக்க! பிற்பாடு வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் வீடானது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் வந்து தங்கினார். அதற்கப்புறம்தான் நம் கதையின் நாயகி உள்ளே வருகிறார்.

சகோதரி சுப்புலட்சுமி. 1886-இல் பிறந்தவர். விவரம் தெரியாத வயதில் கல்யாணம், கொஞ்ச நாளிலேயே கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்து பிராமணக் குடும்பத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு என்ன காத்திருந்தது? மொட்டையடித்த தலை, ஒரு மூலை, ஒரு வேளைச் சாப்பாடு. நல்ல காரியம் நடக்கும் இடத்தில் முகம் காட்டவே கூடாது. ஆனால் சுப்புலட்சுமியின் அப்பா சுப்பிரமணிய ஐயர் மகளைப் படிக்க வைத்தார். சித்தி வாலாம்பாள், அவரும் கைம்பெண்தான், கூடவே நின்றார். 1911-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்து வெளியே வந்தார் சுப்புலட்சுமி. அந்த நாளை நினைத்தாலே சிலிர்க்கிறது!

பட்டம் வாங்கியதோடு அவர் நிற்கவில்லை. தன்னைப் போன்ற சிறுமிகளை வீட்டிலேயே சேர்த்துக்கொண்டு படிக்க வைத்தார். எழும்பூரில் சின்னதாகத் தொடங்கிய அந்த இல்லம், பெண்கள் கூடக் கூட இடம் போதாமல் கடைசியில் ஐஸ் ஹவுஸுக்குக் குடிபெயர்ந்தது. பனிக்கட்டி அடுக்கிய கட்டடத்தில் இளம் கைம்பெண்கள் கணக்கும் இங்கிலீஷும் படித்தார்கள். படித்த பெண்களில் சிலர் அதே கடற்கரையில் இருந்த ராணி மேரி கல்லூரிக்கும் போனார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த விடுதியின் கதவு பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டும்தான் திறந்தது. அதோடு நின்றுவிடக் கூடாது என்றுதான் 1927-இல், வயது கடந்தும் படிக்க ஆசைப்பட்ட பெண்களுக்காக, சாரதா வித்யாலயாவைத் தொடங்கினார் சுப்புலட்சுமி.

ஒரு கல்லில் இரண்டு மாங்காய்

ஏன் ஆசிரியர் பயிற்சி? அன்றைய நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள், வகுப்பெடுப்பது ஆண் வாத்தியார் என்பதால். பெண் டீச்சர் கிடைப்பார்களா? பெண்கள் படித்தால்தானே கிடைப்பார்கள்! படிக்கும் வயதில்தான் கல்யாணம் செய்து கொடுத்துவிடுகிறார்களே! இந்த முடிச்சு மாகாணக் கல்வித் துறையையும் திணறடித்தது. பெண் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த மிஸ் லிஞ்ச் சுப்புலட்சுமிக்குத் தோள் கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு பக்கம் ஊரெல்லாம் டீச்சர் தேவை. இன்னொரு பக்கம் வீட்டு மூலையில் முடங்கிக் கிடக்கும் புத்திசாலிப் பெண்கள். இரண்டையும் சேர்த்துவிட்டால்?

சேர்த்தார்கள்! 1922-இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி பிறந்தது. அன்றைய ஆளுநர் வெலிங்டன் பிரபுவின் மனைவி பெயர். தலைமைப் பொறுப்பில் சகோதரி சுப்புலட்சுமி. சுபகாரியத்தில் எதிரே வரக்கூடாது என்று ஒதுக்கிய பெண்ணை, நாற்பது பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் அவர் கண்ட கனவு. அவளுக்குச் சம்பளம், மரியாதை, சொந்தக் கால். ஊருக்கு ஒரு டீச்சர். இதைவிடப் பெரிய லட்சியம் ஒரு கல்லூரிக்கு என்ன வேண்டும்?

அந்தக் கல்லூரியோடு ஒட்டிப் பிறந்த இன்னொன்று அதன் பயிற்சிப் பள்ளி. காலையில் கல்லூரியில் கேட்டதை நிஜமான பிள்ளைகள் முன்னால் நின்று சொல்லிப் பார்க்கலாம். தப்பானால் திருத்திக்கொண்டு மறுபடி போகலாம். டீச்சர் பிறப்பதில்லை, பழகிப் பழகித்தான் ஆகிறார் என்று நம்பியவர்கள் போட்ட திட்டம் அது. அந்த நம்பிக்கைதான் இன்றுவரை எல்லாப் பயிற்சிக் கல்லூரிகளையும் நடத்துகிறது. அன்று எல்.டி., பிறகு பி.டி., இப்போது பி.எட். படிப்பின் பெயர்தான் மாறியது.

ஆறே நிமிஷ வகுப்பு!

இனிமேல்தான் ரகசிய அறைக்குள் நுழைகிறோம். பி.எட். படிப்பில் நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று உண்டு. 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உருவான முறை. மைக்ரோ டீச்சிங் என்றால்தான் மாணவிகளுக்குச் சட்டென்று புரியும். பாடம் 6 நிமிஷம். குறைநிறை சொல்ல 6. திருத்தி எழுத 12. மறுபடி பாடம் 6. மறுபடி குறைநிறை 6. ஆக 36 நிமிஷத்தில் ஒரே ஒரு திறன்! தொடங்கும் திறன், விளக்கும் திறன், வலுவூட்டும் திறன், கேள்வி கேட்கும் திறன் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பழகுகிறார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்திருப்பது யார் தெரியுமா? கூடப் படிக்கிற தோழிகள்தான். நேற்றுவரை முதுகலை படித்தவர்கள் இந்த ஆறு நிமிஷத்துக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளாகிவிடுவார்கள்! இப்படித்தான் போகும்:

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"இட்லி டீச்சர்!"

"யார் செஞ்சு குடுத்தா?"

"அம்மா!"

"அப்ப வாசல்ல நிக்கிற வேப்ப மரத்துக்கு யாரு சமைச்சுப் போடுறா?"

ஒரு நொடி அமைதி. அவ்வளவுதான், ஒளிச்சேர்க்கைக்குள் எல்லாரும் வந்தாச்சு! தலைப்பை டீச்சர் சொல்லவே இல்லை, பிள்ளைகள் வாயிலிருந்தே வாங்கிவிட்டார். இதற்குத்தான் தொடங்கும் திறன் என்று பெயர்.

அடுத்து விமரிசனம். பின் வரிசையில் ஒரு தோழி தாளில் கோடு கோடாகப் போட்டு எண்ணியிருப்பார். எத்தனை தடவை 'வெரி குட்' வந்தது, எத்தனை கேள்வி 'ஆமாம், இல்லை'யில் முடிந்தது என்று எல்லாமே கணக்கில் இருக்கும். மேடம் சொல்வது இப்படி இருக்கும்: "பேரைச் சொல்லிட்டுக் கேள்வி கேட்டம்மா. மத்தவங்க யோசிக்கிறதை அப்பவே விட்டுட்டாங்க. முதல்ல கேள்வி. அப்புறம் கொஞ்சம் நிறுத்து. அதுக்கப்புறம் பேரு."

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு? மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சுமார் ஒரே நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்றே நொடியில் கடைசி பெஞ்சும் வகுப்புக்குள் வந்துவிடுகிறது!

சாக்பீஸ் ரகசியங்கள்

கரும்பலகையில் எழுதும்போது கிரீச்சென்று கத்தினால் என்ன செய்வது? சாக்பீஸைப் பாதியாக உடைத்துவிட வேண்டும். துண்டு சின்னதானால் சத்தம் போய்விடும். எழுதும்போது உடம்பு பலகையை மறைக்காமல் ஒருச்சாய்ந்து நிற்க வேண்டும், ஒரு கண் வகுப்பு மேல் இருக்க. எழுத்து கடைசி வரிசைக்குத் தெரிகிறதா என்று பார்க்க, தானே நடந்துபோய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். அழிக்கும்போது மேலிருந்து கீழே. பக்கவாட்டில் வீசினால் தூள் முதல் பெஞ்ச் பிள்ளைகள் மூக்கில்!

ராத்திரி விடுதியில் எட்டிப் பார்த்தால் இன்னொரு திருவிழா. தரையெங்கும் சார்ட், ஸ்கெட்ச் பேனா, கத்தரிக்கோல். ஒருத்தி தெர்மாகோலில் இதயம் செய்துகொண்டிருப்பாள். இன்னொருத்தி பாடத்திட்ட ரெக்கார்டை மூன்றாவது தடவையாகத் திருத்தி எழுதுவாள். 40 நிமிஷப் பாடத்துக்கு இரண்டு மணி நேர எழுத்து வேலை. நோக்கம், முன்னறிவு, கேள்விகள், துணைக்கருவி, மதிப்பீடு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் நெடுவரிசை போட வேண்டும்.

உங்கள் தெருப் பள்ளிக்கும் வருவார்கள்

2015-இல் பி.எட். இரண்டு வருஷப் படிப்பானது. அதில் மொத்தம் 20 வாரம் பள்ளிகளிலேயே பயிற்சி. ஒரே நிறப் புடவையில், தோளில் பையும் கையில் சுருட்டிய சார்ட்டுமாக உங்கள் ஊர்ப் பள்ளி வாசலில் இறங்கும் அந்த இளம் டீச்சர்களைப் பார்த்திருப்பீர்களே, அவர்கள்தான்! வகுப்பின் பின் பெஞ்சில் வழிகாட்டி ஆசிரியர் உட்கார்ந்து குறிப்பெடுக்க, முன்னால் அவர்கள் நிஜமாகவே பாடம் எடுப்பார்கள்.

அடுத்த தடவை உங்கள் பிள்ளை "புது டீச்சர் வந்திருக்காங்கம்மா" என்று ஓடி வந்தால், என்ன பாடம் எடுத்தார், என்ன கேள்வி கேட்டார் என்று உட்கார்ந்து கேளுங்கள். பள்ளிக்குப் போனால் அவரைப் பார்த்து, நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மூன்று தடவை திருத்திய பாடத்தோடு வந்தவருக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு தெம்பு தரும் தெரியுமா! வீட்டில் ஒரு பெண் டீச்சர் ஆகணும் என்று சொன்னால், வேறு எதுவும் கிடைக்காவிட்டால் போகிற வேலை அது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஆசைக்காக ஐஸ் ஹவுஸில் ஒரு தலைமுறைப் பெண்கள் ஊரையே எதிர்த்து நின்றிருக்கிறார்கள். "சேர்ந்துக்கோம்மா" என்று சந்தோஷமாக அனுப்பி வையுங்கள்!