டெல்லி கணேஷ்: கதாநாயகனுக்குப் பக்கத்தில் நின்றவர்

நம்ம ஆண்டு விழாவில் நாடகம் என்றால் முதல் சண்டை யார் கதாநாயகன் என்பதுதான். அதற்குப் பத்துப் பேர் முன்னால் வந்து நிற்பார்கள். கதாநாயகனுக்கு அப்பா யார் என்று கேட்டால் அதே பத்துப் பேரும் தூணுக்குப் பின்னால் போய்விடுவார்கள். போன வருஷம் ஒளியத் தூண் கிடைக்காமல் மாட்டிக்கொண்டவன் நான். தலையில் பவுடரைக் கொட்டி நரைக்க வைத்து மேடைக்குத் தள்ளினார்கள். வாயைத் திறந்தேன், முன்வரிசை கொல்லென்று சிரித்தது. அதுவோ சோகக் காட்சி! "மச்சி, அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி. நீ காசிமேட்டுல மீன் ஏலம் விடற மாதிரி பேசினியே" என்றான் நண்பன்.

அந்த வெட்கத்தில்தான் டெல்லி கணேஷ் படங்களைத் தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். அப்பா, மாமா, சமையல்காரர், வில்லன் என்று நானூறு படங்களுக்கு மேல் நடித்தவர். 'குணச்சித்திர நடிகர்' என்கிறோமே, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அவரிடம்தான் எனக்குப் புரிந்தது.

பெயரில்தான் டெல்லி. பிறந்தது 1944-இல், வல்லநாட்டில். அப்போது அது திருநெல்வேலிச் சீமை. 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் வேலை. டெல்லியில் இருந்த காலத்தில் தட்சிண பாரத நாடக சபா என்ற தமிழ்க் குழுவில் நடித்தார். பிறகு பத்து வருஷ சர்க்கார் உத்தியோகத்தை விட்டுவிட்டு நடிப்புக்கு வந்தார். நம்ம வீட்டில் இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! நான் ஒருநாள் சாப்பிடும்போது சும்மா சொல்லிப் பார்த்தேன். அப்பா ஒன்றும் பேசவில்லை, குழம்புச் சட்டியை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சென்னையில் காத்தாடி ராமமூர்த்தி குழுவின் மேடை. விசு எழுதிய 'பட்டினப்பிரவேசம்' நாடகத்தை கே.பாலசந்தர் படமாக்கியபோது இவருக்கும் அதில் வேஷம் கொடுத்தார். 'டெல்லி' என்ற அடைமொழியும் அவர் வைத்ததுதான்.

அடுத்து 'பசி' (1979). துரை இயக்கிய படம். ஷோபாவுக்கு தேசிய விருது வாங்கித் தந்தது. அதில் குடிசைப் பகுதியில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் அப்பாவாக டெல்லி கணேஷ் வருகிறார். தமிழக அரசின் சிறப்புப் பரிசு அவருக்குக் கிடைத்தது. மெட்ராஸ் பாஷை நமக்குத் தாய்ப்பால் மாதிரி. சினிமாவில் யாராவது 'இன்னாபா' என்று இழுத்தாலே போலி எது, அசல் எது என்று சொல்லிவிடுவோம். இந்த நெல்லைக்காரர் பேசும்போது எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்க தெருவில் இட்லிக் கடை வாசலில் குந்தியிருக்கும் ஆள் மாதிரியே இருந்தார்.

'சிந்து பைரவி'யில் (1985) குடிப்பழக்கம் உள்ள மிருதங்க வித்வான். 'நாயகன்' (1987) படத்தில் இந்தி தெரியாத வேலு நாயக்கருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் ஐயர். நாயக்கருடைய கோபம் ஐயர் வாய்வழியாக இந்தியில் போகிறது. பயந்த முகத்தோடு பயமுறுத்த வேண்டும். அது லேசான வேலையா? 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் நாலு வில்லன்களில் ஒருவர்.

'மைக்கேல் மதன காமராஜன்' (1990) படத்தில் பாலக்காட்டு மணி ஐயர். கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்துவிடும் அந்தக் கட்டத்தைப் பார்க்காதவர்கள் இருந்தால் இன்றைக்கே பாருங்கள். காசிமேட்டில் பிறந்தவனுக்கு அதில் என்ன பதற்றம்? மீன் விழுந்தால் சாம்பாருக்கு யோகம் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் மணி ஐயர் முகத்தைப் பார்த்ததும், ஏதோ நம்ம குடும்ப மானமே அண்டாவுக்குள் விழுந்த மாதிரி எனக்கும் வயிறு கலங்குகிறது. அவர் சிரிக்க வைக்க முயற்சியே பண்ணுவதில்லை. அவருக்கு அது உண்மையான ஆபத்து. நமக்குத்தான் சிரிப்பு. கமல் என்ன செய்தாலும் அதை நம்பும் ஓர் ஆள் பக்கத்தில் நின்றால்தானே நாமும் நம்புவோம்? அந்த ஆள் இவர்தான். நான் மேடையில் சோகத்தைக் 'காட்ட' முயன்றேன், அதுதான் தப்பு. பாஷை இரண்டாவது தப்பு.

2024 நவம்பர் 9-ஆம் தேதி, எண்பதாவது வயதில், சென்னையில் காலமானார். இறுதி மரியாதை செலுத்த விமானப்படையினர் வந்திருந்தார்கள். வேலையை விட்டு ஐம்பது வருஷம் ஆகியும் தங்கள் ஆள் என்று வந்தார்கள். டிவியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கப்பா, "இவரா! பசியில நடிச்சவரா ஏர்போர்ஸ்?" என்று கேட்டார். ரிக்‌ஷாக்காரர் என்றே இத்தனை வருஷம் நினைத்திருப்பார் போல.

இந்த வருஷமும் எனக்கு அப்பா வேஷம்தான். இந்தத் தடவை நானே கேட்டு வாங்கினேன். ஒர்க்‌ஷாப் முடிந்ததும் ஒத்திகை. அந்த அப்பா எந்த ஊர்க்காரர் என்று நாடகம் எழுதியவனை மூன்று நாளாகக் கேட்கிறேன், இன்னும் சொன்னபாடில்லை.