புதிய பேராசிரியர் சேர்ந்தால் கல்லூரியில் என்ன மாறும்? 'பிஎச்.டி., போஸ்ட்-டாக்' வரிகளைப் படிப்பது எப்படி?

கல்லூரியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு போஸ்டர். 'புதிய பேராசிரியர்களை வரவேற்கிறோம்' என்ற தலைப்பு, நான்கைந்து புகைப்படங்கள். ஒவ்வொருவரின் பெயருக்குக் கீழேயும் பிஎச்.டி. எங்கே முடித்தார், எதில் ஆய்வு செய்தார் என்று இரண்டு வரி. பெரும்பாலானோர் ஒரு லைக் போட்டுவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் எம்.டெக். சேர நினைப்பவருக்கும், ஐ.டி. வேலையை விட்டுட்டு பிஎச்.டி. பண்ணலாமா என்று யோசிப்பவருக்கும், தம்பி தங்கைக்குக் கல்லூரி தேடுபவருக்கும் அந்த இரண்டு வரிதான் முக்கியம். அடுத்த பத்து ஆண்டுகளில் அந்தத் துறையில் எந்த ஆய்வகம் வரும், எந்த ப்ராஜெக்ட் கிடைக்கும் என்பதற்கான முதல் தடயம் அதில் இருக்கிறது.

ஒரே ஒருவர் வந்தால் என்ன மாறிவிடும்?

சென்னை ஐஐடியையே எடுத்துக்கொள்வோம். இயந்திரப் பொறியியல் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. முடித்தவர். மனிதர்களின் நடை, குறிப்பாகச் செயற்கைக்கால் அணிந்தவர்களின் நடை எப்படி இயங்குகிறது என்பதே அவரது ஆய்வு. செயற்கைக்கால் தயாரிக்கும் துறையிலும் வேலை பார்த்திருக்கிறார். அந்த அனுபவத்தோடு ஐஐடிக்கு வந்தவர், மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளை உருவாக்கும் ஆர்2டி2 மையத்தைக் கட்டியெழுப்பினார். உட்கார்ந்தபடியே எழுந்து நிற்க உதவும் 'அரைஸ்' சக்கர நாற்காலி 2019-ல் வந்தது. சாலையில் ஓட்டிச் செல்லக்கூடிய 'நியோபோல்ட்' அதன் பிறகு வந்தது.

விண்வெளிப் பொறியியல் துறையின் சத்யநாராயணன் சக்கரவர்த்தி, ஜார்ஜியா டெக்கில் பிஎச்.டி. செய்தவர். எரிபொருள் எப்படி எரிகிறது என்பதுதான் அவரது துறை. அவரது வழிகாட்டுதலோடு ஐஐடி வளாகத்தில் வளர்ந்த ஸ்டார்ட்அப் அக்னிகுல். 3டி பிரின்டிங்கில் ஒரே துண்டாகச் செய்த இன்ஜினோடு, 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் சோதனை ராக்கெட்டை ஏவியது.

இரண்டிலும், பிஎச்.டி.யில் கையிலெடுத்த கேள்விதான் பின்னாளில் ஆய்வகமாகவும் கருவியாகவும் மாறியது.

சரி, யார் பேராசிரியர் ஆகலாம்?

பொறியியல் கல்லூரிகளுக்கு ஏஐசிடிஇ விதிகள் பொருந்தும். 2019 விதிகளின்படி, உதவிப் பேராசிரியராகச் சேர பி.இ.யும் எம்.இ.யும் இருந்தால் போதும். இரண்டில் ஒன்றில் முதல் வகுப்பு வேண்டும். பிஎச்.டி. கட்டாயமில்லை. இணைப் பேராசிரியர் ஆக பிஎச்.டி., எட்டு ஆண்டு அனுபவம், அங்கீகரிக்கப்பட்ட இதழ்களில் ஆறு ஆய்வுக் கட்டுரைகள் தேவை. ஐஐடிகளில் நுழைவதற்கே பிஎச்.டி. வேண்டும்.

அதனால் 'உதவிப் பேராசிரியர்' என்ற ஒரே பதவிப் பெயருக்குப் பின்னால், இடத்தைப் பொறுத்து வெவ்வேறு தகுதிகள் இருக்கலாம். பதவியை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது.

பின்னணியை எப்படிப் படிப்பது?

முதலில், பிஎச்.டி. தலைப்பு. இந்தியாவில் செய்ததாக இருந்தால், 'ஷோத்கங்கா' இணையதளத்தில் ஆய்வேடே கிடைக்க வாய்ப்பு அதிகம். முன்னுரையைப் படித்தாலே அவர் எந்தக் கேள்வியைத் துரத்தினார் என்று புரிந்துவிடும்.

இரண்டாவது, கூகுள் ஸ்காலர் பக்கம். எத்தனை கட்டுரைகள் என்பதைவிட, அவை ஒரே திசையில் போகின்றனவா என்று பாருங்கள். ஒரு வருஷம் கான்கிரீட், அடுத்த வருஷம் புற்றுநோய் கண்டறிதல், அதற்கடுத்து பிளாக்செயின் என்று தாவினால் கொஞ்சம் யோசிக்க வேண்டியதுதான். காசு வாங்கிக்கொண்டு எதை வேண்டுமானாலும் வெளியிடும் இதழ்களும் நிறைய இருக்கின்றன.

மூன்றாவது, போஸ்ட்-டாக். பிஎச்.டி. முடித்த பிறகு வேறொரு ஆய்வுக்குழுவில் செய்யும் தற்காலிக ஆய்வுப் பணி இது. புதிய கருவிகளையும் புதிய தொடர்புகளையும் அவர் அங்கிருந்துதான் கொண்டுவருவார். வெளிநாட்டில் செய்தாரா என்பதைவிட, அங்கே என்ன கற்றுக்கொண்டார் என்பதுதான் கேள்வி. தொழில்துறை அனுபவம் இருந்தால் அதையும் இதே கண்ணோடு பார்க்கலாம்.

பிஎச்.டி. சேர நினைப்பவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அவரிடம் இடம் இருக்கா? யுஜிசியின் 2022 விதிப்படி, ஒரே நேரத்தில் பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 ஆய்வு மாணவர்களுக்கு மேல் எடுக்கக் கூடாது. புதிதாகச் சேர்ந்தவரிடம் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஆய்வகம் தயாராக நாள் பிடிக்கும்.

நல்ல பின்னணி மட்டும் போதுமா?

போதாது. உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் பாடம் எடுக்க வேண்டும் என்கிறது விதி. அதோடு அட்மிஷன், தேர்வுப் பணி, நாக் கோப்புகள் எல்லாம் தலையில் விழுந்தால் ஆய்வுக்கு நேரம் எங்கிருந்து வரும்? கருவிகளுக்கும் பணம் வேண்டும். புதிய ஆசிரியர்களுக்காக ஏஎன்ஆர்எஃப் நடத்தும் பிரதமர் பெயரிலான திட்டத்தில் மூன்று ஆண்டுகளுக்கு ரூ.60 லட்சம் வரை கிடைக்கும். ஆனால் போட்டி போட்டுத்தான் வாங்க வேண்டும். கல்லூரியே தொடக்க நிதி தருகிறதா என்பது இங்கேதான் முக்கியமாகிறது.

பட்டியலில் பெயர் இருக்கு, ஆள் இருக்காரா?

இது வேடிக்கைக் கேள்வி இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில், ஒரே ஆசிரியர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரமாக வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டுள்ளது என்று 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் குற்றம்சாட்டியது. பல்கலைக்கழகம் விசாரணைக் குழு அமைத்தது. இல்லாத ஆசிரியரின் பிஎச்.டி. எவ்வளவு பெரியதாக இருந்தாலும், கட்டணம் கட்டிய மாணவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அதனால் கல்லூரியைப் பார்க்கப் போகும் நாளில், போஸ்டரில் பார்த்த பெயரைச் சொல்லி, "இந்த சாரோட லேப் எங்கே இருக்கு? அங்க படிக்கிற ஸ்டூடன்ட் யார்கிட்டயாவது பேசலாமா?" என்று கேளுங்கள். ஆய்வகம் உண்மையிலேயே இருந்தால், கூட்டிப்போய்க் காட்ட அவர்களுக்குப் பத்து நிமிஷம் போதும்.