தட்டினால் போகாத சளி

மார்கழிப் பனி இறங்கினால் ஏற்காட்டில் பல வீடுகளில் கதவு சாத்தியே கிடக்கும். உள்ளே விறகடுப்புப் புகை. கைக்குழந்தையின் நெஞ்சில் 'கர்கர்' என்று கேட்டதும் பாட்டி அதை மடியில் குப்புறப் போட்டு முதுகைத் தட்டுவார்.

பிசியோதெரபிஸ்டும்தான் தட்டுகிறார். உள்ளங்கையைக் கிண்ணம்போலக் குழித்து, மெல்லிய துணிக்கு மேல், முதுகெலும்பில் படாமல். தேங்கிய சளி சிறு குழலை விட்டுப் பெரிய குழலுக்கு நகர வேண்டும், அவ்வளவுதான். சளி கெட்டியாகித் தேங்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய் உள்ள குழந்தைக்கும், தசை பலமின்றி இரும முடியாத குழந்தைக்கும் இத்தகைய சிகிச்சை அன்றாடத் தேவை. சற்றே வளர்ந்தவர்களுக்கு விளையாட்டாகவே ஒரு பயிற்சி உண்டு: பாட்டிலில் பத்து சென்டிமீட்டர் தண்ணீர், அதில் ஒரு குழாய், ஊதினால் குமிழி. தண்ணீரின் எதிர்ப்பு மூச்சுக்குழலை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் இரண்டு வயதுக்குள் வரும் பிராங்கியோலைட்டிஸ் வேறு கதை. வைரஸ் தாக்கி நுண்குழலின் சுவரே வீங்கிக்கிடக்கிறது. வீக்கத்தைத் தட்டி நகர்த்த முடியுமா? பிரான்சில் இதற்குப் பல்லாண்டுகள் பிசியோதெரபிதான் வழக்கம். 2019-ல் அந்நாட்டு சுகாதார ஆணையமே அதைப் பரிந்துரைப்பதில்லை என்றது. பிரிட்டனின் 2015 வழிகாட்டுதலும், வேறு நோய் இல்லாத குழந்தைக்கு வேண்டாம் என்கிறது.

பால் கொடுக்குமுன் மூக்கில் சலைன் சொட்டு விட்டு அடைப்பை எடுப்பது, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடுப்பது, இவைதான் வீட்டு வைத்தியம். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே நிமோனியா. மலைவாசஸ்தலக் கடைகளில் விற்கும் யூகலிப்டஸ் தைலமும் பச்சிளம் மூக்குக்கு ஆகாது. உள்ளே போனால் வலிப்பே வரலாம்.

சட்டையைத் தூக்கிவிட்டு, அழாதபோது, செல்போன் கடிகாரத்தில் முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். விலாவுக்குக் கீழ் குழி விழுந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே 108 ஆம்புலன்ஸ்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போக இருபது கொண்டை ஊசி வளைவுகள், முப்பது கிலோமீட்டருக்குப் பக்கம். சாயங்காலம் எண்ணியது கூடுதலாக இருந்தால், பனி மூடுமுன் சாயங்காலமே இறங்கிவிடுங்கள்.